வீட்டு அறையை நாமே தியேட்டராக மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பதில்கள் எல்லாம் நம் ஊர் வீடுகளை மனதில் வைத்து எழுதியவை. செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம், கீழே டைல்ஸ். அமெரிக்க வீடியோக்களில் வரும் மரச்சட்ட வீடுகளுக்கான யோசனைகளில் பாதி இங்கே பொருந்தாது. கணக்குப் போட வசதியாக 14 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஒரு படுக்கையறையை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் அறை வேறு அளவு என்றால் எண்கள் மாறும், வழி அதேதான்.

நல்ல ஸ்பீக்கர், நல்ல ரிசீவர் வாங்கியாயிற்று. ஆனாலும் வசனம் புரியவில்லை, சண்டைக் காட்சி வந்தால் காதைப் பொத்த வேண்டியிருக்கிறது. எதை மாற்றுவது?

எதையும் மாற்றுவதற்கு முன் அறையின் நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கையைத் தட்டுங்கள். தட்டிய பிறகு ‘டிங்ங்’ என்று ஒரு ரீங்காரம் தொடர்ந்தால் கோளாறு கருவியில் இல்லை, அறையில் இருக்கிறது. எதிரெதிராக நிற்கும் இரண்டு வெற்றுச் சுவர்களுக்கு நடுவே ஒலி மாறி மாறி மோதிக்கொண்டே இருக்கிறது. பேச்சில் உயிரெழுத்துகள் பலமாக, நீளமாக ஒலிக்கும். க், ச், ட், ப் போன்ற ஒலிகள் ஒரு நொடியில் சிறு துளி நேரமே இருக்கும், அதுவும் மெல்லியதாக. முந்தைய எழுத்தின் எதிரொலி அடங்குவதற்குள் இவை வந்தால் மூழ்கிப் போகும். வசனம் புரியவில்லை என்று நீங்கள் சத்தத்தைக் கூட்டுவீர்கள். கூட்டிய சத்தத்திலேயே அடுத்த காட்சியில் நாலு கார் வெடிக்கும்.

தற்காலிகமாக ஒன்று செய்யலாம். ரிசீவரில் (எல்லா ஸ்பீக்கரையும் இயக்கும் பெட்டி) வசனம் வரும் சென்டர் ஸ்பீக்கரின் அளவை 2 அல்லது 3 டெசிபல் கூட்டிவிட்டு, ‘நைட் மோட்’ அல்லது ‘டைனமிக் ரேஞ்ச்’ என்று இருப்பதை இயக்குங்கள். மெல்லிய சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் உள்ள தூரம் குறையும். ஆனால் அறையைச் சரிசெய்யாமல் வெறும் செட்டிங்கை வைத்துச் சமாளிப்பது ரொம்ப நாள் ஓடாது.

அக்கூஸ்டிக் பேனல் மாட்டினால் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாது அல்லவா?

போகும். இந்த ஒரு குழப்பத்தால்தான் நிறையப் பணம் வீணாகிறது. பேனல் என்பது சுவரில் மாட்டும், துணி சுற்றிய பஞ்சுப் பலகை. அது செய்வது அறைக்குள்ளே அலையும் ஒலியை உறிஞ்சும் வேலை. வெளியே போகாமல் தடுப்பது முற்றிலும் வேறு வேலை. அதற்குச் சுவரின் எடை வேண்டும், இடுக்கு இல்லாத அடைப்பு வேண்டும். பஞ்சு மாதிரி லேசாகக் காற்றை உள்ளே விடும் பொருள் நன்றாக உறிஞ்சும், ஆனால் எதையும் தடுக்காது. கான்கிரீட் நன்றாகத் தடுக்கும், துளிகூட உறிஞ்சாது. இரண்டு வேலையையும் ஒரே பொருள் செய்யும் என்று யாராவது விற்க வந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

சரி, வெளியே போவதைக் குறைக்க என்னதான் செய்வது?

நம் ஊரில் இதில் ஒரு நல்ல சேதி உண்டு. இரண்டு பக்கமும் பூசிய 9 அங்குலச் செங்கல் சுவர் பேச்சு, இசை போன்ற ஒலிகளை ஏறக்குறைய 50 டெசிபல் வரை குறைத்துவிடும். சுவருக்கு மேலும் செலவு செய்ய வேண்டாம். ஒழுகுவது கதவிலும் ஜன்னலிலும்தான்.

மூன்றடி அகலக் கதவுக்கு அடியில் அரை அங்குல இடைவெளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு ஒரு சதுர அடியில் எட்டில் ஒரு பங்கு. கதவு இருக்கும் சுவர் 110 சதுர அடி. அதாவது ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே திறந்து கிடக்கிறது. அதற்கே 50 டெசிபல் தடுத்த சுவர் 29 டெசிபலுக்கு இறங்கிவிடும். தொட்டி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அடியில் ஓட்டை இருந்தால் தண்ணீர் நிற்காது, அதே கதைதான்.

ஆகவே முதலில் கதவு. உள்ளே பொந்தாக இருக்கும் மலிவான ஃப்ளஷ் கதவைக் கழற்றிவிட்டு, உள்ளே முழுக்க மரம் உள்ள கனமான கதவு போடுங்கள். நிலைச்சட்டத்தில் மூன்று பக்கமும் ரப்பர் கேஸ்கெட், அடியில் கதவை மூடும்போது தானாக இறங்கும் சீல். கதவை மூடி உள்ளே விளக்கைப் போட்டு, இருட்டில் வெளியே நின்று பாருங்கள். வெளிச்சம் வரும் இடமெல்லாம் சத்தமும் வரும். ஜன்னல் தேவையில்லை என்றால் செங்கல் வைத்து அடைத்துவிடுவது எந்தக் கண்ணாடியையும்விட நல்லது, மலிவும்கூட. ஆனால் அவசரத்துக்கு வெளியேறும் வழியாக அது இருந்தால் தொடாதீர்கள்.

சப்வூஃபர், அதாவது பேஸ் எனப்படும் அடிச்சத்தத்துக்கான தனி ஸ்பீக்கர், எழுப்பும் ஒலி மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காது. 40 ஹெர்ட்ஸ் ஒலியை அதே செங்கல் சுவர் மிகக் குறைவாகத்தான் தடுக்கும், தளத்தின் வழியாகவும் அது ஏறும். மேல் மாடியில் வேறு குடும்பம் இருந்தால் சப்வூஃபரை ரப்பர் மெத்தை மேல் வையுங்கள், இரவில் குறைத்துக்கொள்ளுங்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 வரை வரம்பு 45 டெசிபல். விதியைவிட, மாடியில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது அதிகம் உதவும்.

எந்த அறையைத் தேர்ந்தெடுப்பது?

சதுர அறை வேண்டாம். 10-க்கு 10-க்கு 10 அடி என்றால் அதைவிட மோசம், காரணத்தைப் பேஸ் பற்றிய கேள்வியில் சொல்கிறேன். மேற்குச் சுவர் வெயில் வாங்கும் அறை, ஓதம் அடிக்கும் சுவர் உள்ள அறை இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். ஓதத்தைச் சரிசெய்யாமல் மேலே பேனல் மாட்டினால் ஒரே மழைக்காலத்தில் துணியில் பூஞ்சை பிடிக்கும்.

எத்தனை பேனல் வேண்டும்? கடைக்காரர் சுவர் முழுக்க மூடச் சொல்கிறார்.

சுவர் முழுக்க வேண்டாம். இதற்கு நூறு வருடத்துக்கு மேல் பழைய ஒரு கணக்கு இருக்கிறது. 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அரங்கில் பேராசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. அதைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர் தலையில் விழுந்தது. அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பி, ஒவ்வொரு முறையும் எதிரொலி அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று அளந்தார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் அவர் பெயரிலேயே உள்ள சூத்திரம். 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி அரங்கை அந்தக் கணக்கை வைத்துத்தான் வடிவமைத்தார்கள்.

அடி அளவில் சூத்திரம் இது: அறையின் கன அடியை 0.049 ஆல் பெருக்கி, உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஒலி 60 டெசிபல் இறங்க ஆகும் நொடிகள் வரும். நம் அறை 1540 கன அடி. சுவர், தளம், தரை எல்லாம் சேர்த்து 808 சதுர அடி. பூச்சுச் சுவரும் டைல்ஸும் தன் மேல் விழும் ஒலியில் இரண்டு, மூன்று சதவீதம்தான் உறிஞ்சும். 808 சதுர அடிச் சுவரும் வெறும் 20 சதுர அடிக்குச் சமம். வகுத்துப் பார்த்தால் காலி அறையில் 3.8 நொடி. கட்டில், திரைச்சீலை, ஆள் என்று ஏதாவது எப்போதும் இருப்பதால் நிஜத்தில் குறையும், ஆனாலும் கொடுமைதான்.

சினிமா பார்க்கும் சிறிய அறைக்கு 0.4 நொடி நல்ல இலக்கு. அதற்கு மொத்தம் 189 சதுர அடி உறிஞ்ச வேண்டும். சோஃபாவும் உட்காரும் மூன்று பேரும் சேர்ந்து ஒரு 30. கனமான திரைச்சீலையும் தரைவிரிப்பும் இன்னொரு 30. அறையே கொடுக்கும் 20. மீதி 109. நான்குக்கு இரண்டடிப் பேனல் ஒன்று 8 சதுர அடி, நாலு அங்குலத் தடிமன் இருந்தால் தன் பரப்பு முழுவதையும் உறிஞ்சும் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆக 14 பேனல். சின்ன அறையில், அதுவும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே, இந்தச் சூத்திரம் துல்லியமாக வராது. ஆனால் நாலு பேனலா நாற்பது பேனலா என்ற குழப்பம் தீரும்.

முட்டை அட்டை, தெர்மாகோல், ஃபோம் இவற்றில் எது நல்லது?

மூன்றும் வேண்டாம். முட்டை அட்டை ஒலியைக் கொஞ்சம் சிதறடிக்கும், அவ்வளவுதான். தெர்மாகோலின் துளைகள் எல்லாம் மூடிய துளைகள், காற்று உள்ளே போகாது. காற்று உள்ளே புகுந்து நாருக்கு நடுவே உராய்ந்தால்தான் ஒலி வெப்பமாக மாறி அடங்கும்.

பிரமிட் வடிவத்தில் வரும் ஓரங்குல ஃபோம் ‘ச்ச்’ என்ற மேல் ஒலிகளை மட்டும் தின்றுவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடும். அறை மந்தமாகவும் இருக்கும், அதிரவும் செய்யும். இரண்டு கெடுதலும் சேர்ந்து கிடைக்கும். அதைவிடப் பெரிய காரணம் தீ. 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ‘தி ஸ்டேஷன்’ என்ற கேளிக்கை விடுதியில் மேடையில் விட்ட வாணவேடிக்கைப் பொறி, சுவரில் ஒட்டியிருந்த பாலியூரிதேன் ஃபோமில் பட்டது. 100 பேர் இறந்தார்கள். 2013 ஜனவரியில் பிரேசிலின் ‘கிஸ்’ விடுதியில் 242 பேர் இறந்ததற்கும் கூரையில் இருந்த ஃபோம்தான் காரணம். அதன் புகை ஓரிரு நிமிடத்தில் ஆளைச் சாய்த்துவிடும். மூடிய, ஒரே கதவுள்ள அறையில் அதைச் சுவர் முழுக்க ஒட்டுவதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ராக்வூல் அல்லது கிளாஸ்வூல் வாங்குங்கள். ராக்வூல் என்பது பாறையை உருக்கி இழுத்த நார், ஆயிரம் டிகிரி வரை உருகாது. கன மீட்டருக்கு 48 அல்லது 64 கிலோ அடர்த்தியில், 50 மில்லிமீட்டர் தடிமனில் ‘ஸ்லாப்’ ஆகக் கேளுங்கள். தொழிற்சாலைக் குழாய், ஏசி டக்ட் இவற்றுக்கு இன்சுலேஷன் விற்கும் கடைகளில் கிடைக்கும். இன்டீரியர் கடையில் அதே சரக்குக்குத் துணி சுற்றியதும் விலை எங்கோ போய்விடும்.

ராக்வூல் புற்றுநோய் வரவழைக்கும் என்கிறார்களே?

அந்தச் சந்தேகம் ஒரு காலத்தில் இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2002-இல் மறுபடி ஆராய்ந்து, இன்சுலேஷனுக்குப் பயன்படும் கிளாஸ்வூல், ராக்வூல் இரண்டையும் ‘மனிதருக்குப் புற்றுநோய் தருவதாக வகைப்படுத்த இயலாதவை’ என்ற பட்டியலுக்கு மாற்றியது. ஆனால் அரிப்பு நிச்சயம். முழுக்கைச் சட்டை, கையுறை, என்95 முகக்கவசம், கண்ணாடி போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் வைத்து வெட்டுங்கள். வேலை முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் குளியுங்கள். அந்தச் சட்டையை வீட்டுத் துணிகளோடு வாஷிங் மெஷினில் போட்டால் குடும்பமே சொறியும்.

பேனலை வீட்டிலேயே செய்வது எப்படி?

ஒரு நாள் பழகினால் கை வந்துவிடும். நாலு அங்குல அகலம், முக்கால் அங்குலத் தடிமன் உள்ள பலகையை மரக்கடையில் இழைத்து வாங்குங்கள். ரப்பர் மரம் போதும், ஆனால் கரையான் மருந்து அடித்ததா என்று கேளுங்கள். ஸ்லாப் பொதுவாக 1.2 மீட்டருக்கு 0.6 மீட்டர், அதாவது நான்குக்கு இரண்டடி. சட்டத்தின் உள்ளளவு இதைவிட அரை சென்டிமீட்டர் குறைவாக இருக்கட்டும். அப்போது ஸ்லாப் தானாகவே இறுகிப் பிடித்துக்கொள்ளும், பசை தேவைப்படாது. நாலு மூலையிலும் திருகு போட்டு, உள்பக்கம் எல் வடிவ இரும்புப் பட்டை அடியுங்கள்.

பின்பக்கம் முதலில் மெல்லிய நான்-ஓவன் துணியை ஸ்டேப்ளர் கன் கொண்டு அடியுங்கள், ஜவுளிக்கடைப் பை செய்கிற அதே துணி. நார் உதிராமல் இருக்க இது. சட்டத்தைத் திருப்பி, 50 மில்லிமீட்டர் ஸ்லாப் இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக அழுத்தி வையுங்கள். அப்புறம் முன்துணி. எந்தத் துணி என்று குழம்பவே வேண்டாம், வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மறுபக்கம் வைத்த கையில் காற்று பட்டால் சரி. ஈரோட்டுக் காடா துணிக்குக் கருஞ்சாயம் ஏற்றினால் அழகாகவே இருக்கும். ரெக்ஸின், பூச்சுள்ள சோஃபா துணி எல்லாம் காற்றை விடாது, ஆகாது.

துணியை இஸ்திரி போட்டுத் தரையில் விரித்து, சட்டத்தை அதன் மேல் கவிழ்த்து வைத்து, நீளப் பக்கத்தின் நடுவில் ஒரு பின் அடியுங்கள். எதிர்ப்பக்க நடுவில் இழுத்து ஒன்று. பிறகு மற்ற இரண்டு பக்கங்களின் நடுவிலும். அங்கிருந்து மூலைகளை நோக்கி, மாற்றி மாற்றி. ஒரு மூலையிலிருந்து தொடங்கி வரிசையாக அடித்துக்கொண்டே போனால் நெசவுக்கோடு கோணலாகும், விளக்கு வெளிச்சத்தில் அது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். பேனல் ஒன்று எட்டு, ஒன்பது கிலோ வரும்.

எங்கெங்கே மாட்டுவது?

ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் ஓர் ஆளும் போதும். நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காருங்கள். இன்னொருவர் பக்கச் சுவரை ஒட்டிக் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகட்டும். கண்ணாடியில் முன் ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அந்த இடத்தில்தான் ஒலியும் பட்டு உங்கள் காதுக்கு வருகிறது. அங்கே ஒரு பேனல். இரண்டு சுவரிலும், மூன்று முன் ஸ்பீக்கருக்கும் இப்படிப் பார்த்தால் பக்கத்துக்கு இரண்டு பேனல் தேவைப்படும். தளத்துக்கும் இதே சோதனைதான், இரண்டு பேனல். பின்சுவருக்கு மூன்று, நாலு. மீதியெல்லாம் மூலைகளுக்கு, தரையிலிருந்து மேல் வரை குறுக்காக.

திரைக்குப் பக்கத்து மூலைகளில் இடம் இடிக்கும். 11 அடிச் சுவரில் 100 அங்குலத் திரையே (100 என்பது மூலைக்கு மூலை அளவு) அகலத்தில் ஏழேகால் அடி எடுத்துக்கொள்ளும். அப்படியானால் பின் மூலைகளை முழுதாக நிரப்புங்கள்.

சுவரோடு ஒட்டாமல் இரண்டு, மூன்று அங்குலம் தள்ளி மாட்டினால் செலவில்லாமல் இன்னும் கீழ் அதிர்வெண் வரை உறிஞ்சும், ஈரமும் தங்காது. தளத்தில் தொங்கவிடுவதற்கு நாலு ஆங்கர் கொக்கியும் சங்கிலியும் போடுங்கள். பசை, இரட்டைப் பக்க டேப் எதையும் நம்பி தலைக்கு மேல் ஒன்பது கிலோவைத் தொங்கவிடாதீர்கள்.

பேஸ் சோஃபாவில் கேட்கவே இல்லை, கதவருகே நின்றால் நெஞ்சு அதிர்கிறது. ஏன்?

ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1130 அடி போகும். 14 அடி அறையில் சுவருக்குச் சுவர் போய்த் திரும்பும் தூரம் 28 அடி. 1130-ஐ 28-ஆல் வகுத்தால் 40. அந்த 40 ஹெர்ட்ஸ் ஒலி அறைக்குள் சரியாகப் பொருந்தி நின்றுகொள்ளும். சுவர் ஓரங்களில் பெருத்து, நடுவில் ஒன்றுமில்லாமல் போகும். 11 அடிக்கு 51 ஹெர்ட்ஸ், 10 அடி உயரத்துக்கு 56. மூன்றும் வெவ்வேறாக இருப்பதால் பரவாயில்லை. சதுர அறையில் இரண்டும், 10-க்கு 10-க்கு 10 அறையில் மூன்றும் ஒரே எண்ணில் குவிந்துவிடும், ஒரு சுரம் மட்டும் பேய் மாதிரி முழங்கும்.

எனவே நீளத்தின் சரிபாதியில் உட்காராதீர்கள், பின்சுவரில் தலை சாய்த்தும் உட்காராதீர்கள். பின்சுவரிலிருந்து நீளத்தில் 38 சதவீதம் நல்ல தொடக்கம். நம் அறையில் ஐந்தேகால் அடி.

அடுத்து, கொஞ்சம் வேடிக்கையான ஒரு வேலை. சப்வூஃபரைத் தூக்கி சோஃபாவில் நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். பேஸ் நிறைந்த ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, சுவர் ஓரமாகத் தவழ்ந்து போங்கள். எங்கே பேஸ் சீராக, ஊதாமல் கேட்கிறதோ அங்கே சப்வூஃபர் போக வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. பணம் இருந்தால் ஒரு பெரிய சப்வூஃபருக்குப் பதில் இரண்டு சிறியவை வாங்கி, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வையுங்கள். ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தின் ஆய்வுகளில் எல்லா இருக்கைக்கும் சீரான பேஸ் தருவதில் இந்த அமைப்பு மிக நன்றாக வந்தது.

பேனலால் பேஸை முழுக்க அடக்க முடியாது. 100 ஹெர்ட்ஸின் அலைநீளமே 11 அடிக்கு மேல். அதில் கால் பங்கு தடிமன் வேண்டும் என்றால் அறையே மிஞ்சாது. மூலைப் பேனல்கள் முழக்கத்தைக் குறைக்கும், மீதியை இடம் பார்த்து வைப்பதாலும், ஒவ்வொரு அதிர்வெண்ணையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசராலும் சரிசெய்ய வேண்டும்.

சார்க்கோல் பேனல், லூவர், பிவிசி டிசைன் ஷீட் எல்லாம் ‘அக்கூஸ்டிக்’ என்று விற்கிறார்களே?

அழகுக்கு வாங்கலாம். பிளாஸ்டிக் பட்டை ஒலியை உறிஞ்சாது. மரப் பட்டைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, பின்னால் ராக்வூல் வைத்த பேனல் உண்மையிலேயே வேலை செய்யும். பின்னால் என்ன இருக்கிறது என்று புரட்டிப் பாருங்கள். 9 மில்லிமீட்டர் பாலியெஸ்டர் பலகையை நேரே சுவரில் ஒட்டுவது ஓரங்குல ஃபோம் கதையேதான்.

ஃபால்ஸ் சீலிங் போடலாமா?

போடலாம், ஜிப்சம் பலகைக்கு மேலே கிளாஸ்வூல் பரப்பினால். பலகையின் லேசான அதிர்வு கொஞ்சம் பேஸையும் உறிஞ்சும். ஆனால் சட்டத்தின் திருகுகளை இறுக்கமாகப் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் சப்வூஃபர் அடிக்கும்போதெல்லாம் மேலே தகரம் ஆடுவது போல் சத்தம் வரும், அதை அப்புறம் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. நடுவில் நட்சத்திர விளக்கு வேண்டுமா என்பது உங்கள் இஷ்டம். தளத்தையும் திரைச் சுவரையும் கருப்பு அல்லது கரும்பழுப்பில், மினுமினுப்பு இல்லாத பெயின்ட் அடியுங்கள். வெள்ளைத் தளம் திரை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி, இருட்டுக் காட்சியைச் சாம்பலாக்கிவிடும்.

எத்தனை அங்குலத் திரை?

கண்ணுக்குத் திரை 30 முதல் 40 டிகிரி வரை விரிந்தால் தியேட்டர் போல் இருக்கும். ஒன்பது அடியில் 100 அங்குலத் திரை 44 டிகிரி வரும், 4கே படத்துக்குச் சுகமாகவே இருக்கும். 120 அங்குலம் இந்த அறைக்கு வேண்டாம், முன் ஸ்பீக்கருக்கு இடம் இருக்காது. ப்ரொஜெக்டர் வாங்குவதற்கு முன் ‘த்ரோ ரேஷியோ’ பாருங்கள், திரையின் அகலத்தைப் போல் எத்தனை மடங்கு தூரத்தில் அதை வைக்க வேண்டும் என்ற எண் அது. 1.2 என்றால் 87 அங்குல அகலம் உள்ள நம் 100 அங்குலத் திரைக்கு 104 அங்குலம், அதாவது எட்டே முக்கால் அடி தள்ளி வைக்க வேண்டும்.

5.1 போதுமா, அட்மாஸ் வேண்டுமா?

5.1 என்றால் சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். அட்மாஸ் என்பது தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் முறை, அதற்கான ஸ்பீக்கர்களைக் கடைசி எண் சொல்லும். 14-க்கு 11 அடியில் 5.1.2 சரியான அளவு. 7.1 வைத்தால் பின் ஸ்பீக்கர்கள் தலையை இடிக்கும். இடது, வலது ஸ்பீக்கர்கள் உட்காருமிடத்திலிருந்து திரையின் நடுவுக்குப் போகும் நேர்கோட்டுக்கு 22 முதல் 30 டிகிரி விலகி. பக்கவாட்டில் வரும் சரவுண்ட் ஸ்பீக்கர் இரண்டும் அதே கோட்டுக்கு 110 டிகிரியில், காதுக்குச் சற்று மேலே. தளத்தில் வரும் இரண்டும் இருக்கைக்குக் கொஞ்சம் முன்னால். சென்டர் ஸ்பீக்கரைத் திரைக்கு அடியில் வைத்தால் மூக்கைத் தூக்கி உங்கள் முகத்தைப் பார்க்க வையுங்கள். முழங்காலைப் பார்த்துப் பேசும் சென்டர் ஸ்பீக்கரை நிறைய வீடுகளில் பார்த்தாயிற்று.

வயரிங்கில் கவனிக்க வேண்டியது?

பூச்சு வேலைக்கு முன்பே முடிவு செய்யுங்கள். ப்ரொஜெக்டர் வரை ஒன்றரை அங்குலப் பைப், வளைவுகள் பெரிதாக, உள்ளே ஒரு கயிறு போட்டு வைத்து. முக்கால் அங்குலப் பைப்பில் எச்டிஎம்ஐ தலை நுழையாது, எலக்ட்ரீஷியன் நுழையும் என்றுதான் சொல்வார். ஐந்து மீட்டருக்கு மேல் ஓடினால் ஃபைபர் எச்டிஎம்ஐ கேபிள் வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு, ரிசீவர் பக்கம் எது, ப்ரொஜெக்டர் பக்கம் எது என்று எழுதியிருக்கும். இழுத்து முடித்த பிறகு பார்ப்பதில் பயனில்லை.

ஸ்பீக்கருக்கு 14 அல்லது 16 கேஜ் சுத்தத் தாமிர வயர். தாமிரம் பூசிய அலுமினியம் மலிவாக வரும், ஏமாறாதீர்கள். கரண்ட் பைப்பும் ஸ்பீக்கர் பைப்பும் ஓர் அடி விலகிப் போகட்டும். எல்லாக் கருவிக்கும் ஒரே எர்த் உள்ள பாயின்ட். ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வந்தால் முதலில் கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள், பாதி நேரம் குற்றவாளி அதுதான். லேம்ப் உள்ள ப்ரொஜெக்டருக்கு யுபிஎஸ் அவசியம். கரண்ட் போனால் ஃபேனும் நின்று லேம்ப் வெந்துபோகும்.

இவ்வளவும் அடைத்த பிறகு மூச்சு முட்டாதா?

முட்டும். ஸ்ப்ளிட் ஏசி குளிர வைக்கும், வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. நாலு பேர் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் தலை வலிக்கும். உள்ளே ராக்வூல் ஒட்டிய, இரண்டு வளைவு உள்ள ஒரு மரப்பெட்டி வழியாகக் காற்று வரும்படி செய்து, தொலைவில் ஒரு சிறிய எக்ஸாஸ்ட் ஃபேனை மெதுவாக ஓட விடுங்கள். காற்று வளையும், சத்தம் வழியிலேயே அடங்கும். ஏசி இன்வெர்ட்டர் வகையாக இருக்கட்டும், உட்காருமிடத்துக்கு நேர் மேலே மாட்டாதீர்கள்.

டிஃப்யூசர் வேண்டுமா?

ஒலியை உறிஞ்சாமல் பல திசைக்கும் சிதறடிக்கும் பலகை அது. 1970-களில் மான்ஃபிரெட் ஷ்ரோடர் என்ற இயற்பியலாளர் கண்டுபிடித்த அருமையான சங்கதி. பெரிய அறைக்கு. இந்த அறையில் வைத்தால் காதுக்கு மிக அருகில் இருக்கும்.

எல்லாம் சரியாக வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அறையின் ஒலியை அளக்கும் ‘ரூம் ஈக்யூ விசார்ட்’ என்ற மென்பொருள் இலவசம். யூமிக்-1 போன்ற ஒரு யுஎஸ்பி மைக் வாங்கி லேப்டாப்பில் சொருகினால் போதும். பேனல் மாட்டுவதற்கு முன் ஒரு முறை, மாட்டிய பின் ஒரு முறை அளந்து வையுங்கள். ரிசீவரோடு வரும் ஆடிசி, ஒய்பாவோ போன்ற, ஒலியைத் தானாகத் திருத்தும் வசதிகள் கடைசியில்தான். அவை பேஸின் மேடுகளை வெட்டும், எதிரொலி நேரத்தைக் குறைக்க அவற்றால் முடியாது. அளக்கும்போது ஃபேன், ஏசி நிறுத்திவிடுங்கள்.

பணத்தை எப்படிப் பிரிப்பது?

என் கணக்கு இது: மொத்தத்தில் கால் பங்கை அறைக்கே ஒதுக்கிவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். ஒரு படி குறைந்த ஸ்பீக்கர் நல்ல அறையில் ஒலிப்பது, விலையுயர்ந்த ஸ்பீக்கர் டைல்ஸ் அறையில் ஒலிப்பதைவிட எப்போதும் தெளிவு. ரிசீவர் நாலைந்து வருடத்தில் பழையதாகும், பேனல் ஆகாது.

வாடகை வீடு. ஆணி அடிக்க விடமாட்டார்கள். வழி உண்டா?

உண்டு. பேனலுக்கு அடியில் இரண்டு மரக்கால் வைத்துத் தனியாக நிற்க வைத்துக்கொள்ளலாம். பின்சுவருக்குப் புத்தக அலமாரி, பக்கத்துக்கு மடிப்பு மடிப்பாக விழும் கனத்த திரை. தரைக்குப் பவானி ஜமக்காளம் விரித்தால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் மெல்லியது, அடியில் அரை அங்குல ஃபெல்ட் வைத்தால்தான் வேலை செய்யும். தளத்தை விட்டுவிடுங்கள். வீடு மாறும்போது பேனல்களைக் கட்டிலுக்கு அடியில் திணிக்காமல் லாரியில் நிற்க வைத்து ஏற்றச் சொல்லுங்கள். சுமை ஏறினால் துணி குழிந்துவிடும், மறுபடி பிரித்து அடிக்க வேண்டியிருக்கும்.